அவள் கைக்கு ஏற்ற துப்பாக்கி

என் தோழி அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறாள் என்பது எனக்குத் தெரிவதற்கு முன்பே என் கணவருக்குத் தெரிந்திருந்தது. காலை டூட்டிக்காக நான் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவர் பால்கனியில் நின்று போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். இந்த ஊரில் போனில் செய்தி அனுப்பும் ஆப்பில் நேராகக் கூப்பிட முடியாது. பேசிப் பதிந்து அனுப்பலாம். அவர்கள் கேட்டுவிட்டுப் பதில் பேசி அனுப்புவார்கள். அபுதாபியில் பாதிக் குடும்பங்கள் இப்படித்தான் நடக்கின்றன.

"விலை கம்மியா கிடைக்குன்னு ரொம்பச் சின்னதா வாங்கிராத பிள்ளே. சின்னது, லேசா இருக்கும், பையில நிக்கும், எல்லாம் சரிதான். ஆனா சுடும்போது கையில உதைக்கும். ரெண்டு தடவை உதைச்சா பயம் வந்துரும். பயம் வந்தா பழகமாட்ட. பழகாம இடுப்புல வச்சிருக்கதுக்கு ஒரு கல்லை வச்சிருக்கலாம். மனசிலாச்சா?"

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தினேன். 'பிள்ளே' என்று அவர் கூப்பிடும் ஆள் இந்த உலகத்தில் எங்கள் மகள் ஒருத்திதான். அவள் நாகர்கோவிலில் ஹாஸ்டலில் இருக்கிறாள், துப்பாக்கி வாங்கும் வசதி அவளுக்கு இல்லை.

"யாருக்கு இவ்வளவு பாடம்?" என்று கேட்டேன்.

"டெக்ஸாஸ்காரிக்குத்தான்" என்றார். "அவளுக்கு ஒரு பிஸ்டல் வேணுமாம். என்ன வாங்கணும்னு கேட்டா."

"எப்பக் கேட்டா?"

"போன வாரமே கேட்டாளே."

போன வாரமே. போன வாரம் முழுக்க அவளும் நானும் தினமும் பேசியிருக்கிறோம். அவள் வீட்டு முன்னால் இருக்கும் மரத்தில் பூ விட்டது எனக்குத் தெரியும். புதிதாக வாங்கிய பாத்திரம் கழுவும் மெஷின் எப்படிச் சத்தம் போடுகிறது என்பதுகூடத் தெரியும். துப்பாக்கி மட்டும் தெரியவில்லை.

அவளும் நானும் குமரி மாவட்டத்தில் அடுத்தடுத்த கடற்கரை ஊர்க்காரிகள். நர்ஸிங் முடித்து அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் ஒரே கிளினிக்கில் சேர்ந்தோம். கீழே கராஜ், மேலே எங்கள் ரூம். வெல்டிங்கில் கையைச் சுட்டுக்கொண்டவன், கண்ணில் இரும்புத் தூள் விழுந்தவன் என்று கிளினிக்குக்கு நாள் முழுக்க வருவார்கள். ரூமுக்குத் திரும்பியதும் அமெரிக்க நர்ஸ் பரீட்சைக்குப் படிப்போம். ஒரு புத்தகம், இரண்டு பேர். அவள் வாசிப்பாள், நான் கேட்பேன், பிறகு மாற்றிக்கொள்வோம். அவள் பாஸானாள். நான் ஆகவில்லை. இன்னொரு தடவை எழுதினேன், அதிலும் இல்லை. அவளுக்கு விசா வந்தபோது அவளுடைய சூட்கேஸ் பூட்டாமல் தகராறு செய்தது. நான்தான் மேலே ஏறி உட்கார்ந்து பூட்டிக்கொடுத்தேன். ஏர்போர்ட்டில் கட்டிப்பிடித்து அழுதேன். அந்த அழுகையில் பாதி எதற்கு என்று எனக்குத் தெரியும்.

அவள் போன பிறகுதான் ராணுவத்திலிருந்து ஓய்வு வாங்கிய என் கணவர் இங்கே வந்தார். ராணுவத்தில் அவருக்கு ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் வேலை. இங்கே ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பின் ஒர்க்‌ஷாப்பிலும் அதே வேலை. ஸ்பிரிங் மாற்றுவது, எண்ணெய் போடுவது, குழாய் துடைப்பது. வீட்டுக்கு வந்தால் அந்த எண்ணெய் வாசனையும் கூடவே வரும். பேச்சு மட்டும் வராது. "சோறு ஆச்சா?", "ஏசி கூலா இல்லியே", "நாளைக்கு டூட்டி எப்ப?" இவ்வளவுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. ராணுவத்துக்காரர் அப்படித்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த மனுஷன்தான் பால்கனியில் நின்று மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அவள் அங்கே ராத்திரிச் சாப்பாடு முடித்துப் படுக்கப் போகிற நேரம் எங்களுக்குக் காலை. தினமும் டீ ஆறுவதற்குள் அவள் குரல் வரும்.

"அண்ணே, கூட வேலை பாக்குற ஒரு பொண்ணு ரிவால்வர்தான் நல்லதுன்னு சொல்லுது. குண்டு சிக்கவே சிக்காதாமே?"

அவர் சிரிப்பார். வாய்விட்டுச் சிரிப்பார். "சிக்காது, உண்மைதான். ஆனா அதுக்க ட்ரிக்கரை அமுக்க நல்ல பலம் வேணும் கேட்டியா. அமுக்குற வேகத்துல குறி எங்கேயோ போயிரும். வேணும்னா கடையிலயே வாடகைக்குத் தருவானுவ, எடுத்துச் சுட்டுப் பாரு. சுடாம எதையும் வாங்காத."

இன்னொரு நாள், "அண்ணே, விலை ரொம்பக் கூடுதலா இருக்கு, பழசு வாங்கலாமா?"

"தாராளமா வாங்கலாம். போலீஸ்காரன் புதுசு வாங்கிட்டு மாத்திப் போட்ட பழசு கிடைக்கும். வெளிய உறையில உரசித் தேஞ்சிருக்கும், உள்ள புதுசு மாதிரி இருக்கும். அதுல மிஞ்சுற காசுக்கு ரெண்டு காரியம் செய்யி. ஒண்ணு, நல்ல உறை. ட்ரிக்கரை முழுசா மூடணும், கெட்டியா இருக்கணும். அது இல்லாம ஹேண்ட்பேக்ல சாவி, சீப்பு, லிப்ஸ்டிக்கோட போட்டேன்னு வை, உனக்க காலை நீயே சுட்டுக்குவ. ரெண்டாவது, தோட்டா வாங்கிப் பழகு."

லிப்ஸ்டிக். என் ஹேண்ட்பேக்கில் என்ன இருக்கிறது என்று இவருக்குத் தெரியுமா என்று யோசித்தேன். தெரிந்திருக்க வழியே இல்லை.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை: எனக்கு எரிந்தது. அவளுக்கு அமெரிக்கா, அவளுக்குக் கார், அவளுக்கு மரம் வைத்த வீடு. இப்போது என் வீட்டில் எனக்கே கிடைக்காத ஒரு மனுஷனும் அவளுக்கு. தப்பாக எதுவும் இல்லை என்று நன்றாகத் தெரியும். அவளுக்கு அவர் அண்ணன் மாதிரி, ஊரிலிருந்தே பழக்கம். அவளுக்கும் புருஷன் இருக்கிறான்; விசாப் பேப்பர் சரியாகாமல் ஊரில் காத்துக்கொண்டிருக்கிறான். தப்பு என்று ஏதாவது இருந்திருந்தால் கத்தியிருக்கலாம். ஒன்றும் இல்லாததால் எரிச்சலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. சாம்பாரில் உப்பைக் கூட்டிப் போட்டேன். அவர் அதையும் பேசாமல் சாப்பிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் என் முன்னால் வந்து நின்றார். "இஞ்ச, கைய நீட்டு."

நீட்டினேன். கல்யாணமான புதிதில் வளையல் வாங்கும்போது பிடித்துப் பார்த்த மாதிரி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உனக்க கிளவுஸ் சைஸ் என்ன?"

"ஆறரை."

"அவளுக்கும் ஆறரைதானாம். நீங்க ரெண்டு பேரும் ஒரே பெட்டியில கிளவுஸ் எடுப்பீங்கன்னு சொன்னா. சனிக்கிழமை உனக்கு லீவுதான? கிளப்புக்கு வா. ரெண்டு மூணு சுட்டுப் பாரு. உனக்க கைக்கு எது சரியா வருதோ அது அவளுக்கும் சரியா வரும்."

கையை இழுத்துக்கொண்டேன். "தைக்கிறவன் கடையில நிக்குற பொம்மை மாதிரியா?"

அவருக்கு நான் சொன்னது விளங்கவில்லை. "வாடகை எல்லாம் கிடையாது, ஸ்டாஃபோட குடும்பத்துக்குச் சலுகை உண்டு" என்றார்.

வரமாட்டேன் என்றுதான் அன்று ராத்திரி வரைக்கும் சொன்னேன். சனிக்கிழமை காலை அவருக்கு முன்னால் நான்தான் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றேன். அவள் வாங்கப் போகிற பொருளை அவளுக்கு முன்னால் நான் தொட்டுவிட வேண்டும் என்று ஒரு வெறி.

உள்ளே நல்ல குளிர். ஐடியை வாங்கி வைத்துக்கொண்டு, காதுக்கும் கண்ணுக்கும் மாட்டிவிட்டார்கள். சொல்லிக்கொடுப்பவர் ஒரு பெஷாவர்க்காரர், நரைத்த தாடி. என் கணவர் பின்னால் கண்ணாடிக்கு அப்பால் நின்றார். அங்கே அவருக்கு வேலை ஒர்க்‌ஷாப்பில்தான்; சுடும் இடத்தில் பேச அவருக்கு அனுமதி இல்லை.

முதலில் ரொம்பச் சின்னதைக் கொடுத்தார்கள். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். சுண்டுவிரலுக்குப் பிடிக்க இடமே இல்லை. சுட்டதும் கட்டைவிரல் அடியில் யாரோ சுத்தியலால் தட்டிய மாதிரி இருந்தது. "ஆராம் சே, சிஸ்டர்" என்று நிதானமாகச் சுடச் சொன்னார் பெஷாவர்க்காரர். இரண்டாவது ரிவால்வர். ட்ரிக்கரை இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, எப்போது வெடிக்கும் என்று தெரியாமல் கண்ணை மூடிவிட்டேன். மூன்றாவது கொஞ்சம் பெரியது, நடுத்தரம். கையில் எடுத்ததும் உள்ளங்கை நிறைந்தது. குண்டு ஏற்ற மேல்பாகத்தைப் பின்னால் இழுக்கத்தான் கஷ்டமாக இருந்தது. பிஸ்டலை உடம்போடு ஒட்டிப் பிடித்து, மேல்பாகத்தை இழுக்காமல் பிடியை முன்னால் தள்ளச் சொன்னார். தள்ளினேன், வந்துவிட்டது.

சுட்டேன். காகிதத்தில் ஓட்டைகள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக விழுந்தன. ஊசி போட்டுப் போட்டுப் பழகிய கை, அவ்வளவாக ஆடாது. "வாஹ் வாஹ், சிஸ்டர்!" என்று பாராட்டினார் பெஷாவர்க்காரர். திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார், பால்கனியில் சிரிக்கிற அதே சிரிப்பு. எனக்கு வயது குறைந்துபோன மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் வெளியே வருகிற வரைக்கும்தான். பார்க்கிங்கில் கார் கதவைக்கூடத் திறக்கவில்லை, போனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"பிள்ளே, இவ சுட்டுப் பாத்தா. நடு சைஸ்தான் கொள்ளாம். கண்ணை மூடிட்டு அதையே வாங்கு."

இவ. சுட்டதும் நான், கை வலிப்பதும் எனக்கு, பிஸ்டல் அவளுக்கு.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "எனக்க கிட்ட இப்படிப் பேசியிருக்கீங்களா? ஒரு நாளாவது?"

"எதைப் பத்தி?"

"எதையாவது பத்தி!"

அவர் கார் சாவியை மேஜையில் வைத்தார். "நீ துப்பாக்கியைப் பத்தி ஒரு நாளாவது கேட்டிருக்கியா? எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். வாசனை அடிக்குது, சட்டையைத் தனியா போடுங்கன்னுதான் சொல்லியிருக்க."

"நீங்க கிளினிக்கைப் பத்திக் கேட்டிருக்கீங்களா?"

"இல்ல" என்றார். அப்படி உடனே ஒத்துக்கொண்டுவிட்டார். வேறு வழியில்லாமல் பேச்சை இன்னொரு பக்கம் திருப்பினேன். "அவளுக்கு எதுக்கு இப்ப துப்பாக்கி? அங்க எல்லாரும் வச்சிருக்காங்கன்னு பெருமைக்கா?"

அவர் முகம் மாறியது. "அதை நீ அவகிட்டதான் கேக்கணும். சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்கா."

எனக்குத் தெரியாத ரகசியம் ஒன்றும் அவர்களுக்குள் இருக்கிறது. அன்றைக்கு நான் சமைக்கவில்லை. அவர் கீழே கஃபத்தேரியாவில் பரோட்டா வாங்கி வந்து, எனக்கும் ஒரு பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவளுக்கு ஒரு வாரம் நான் பதிலே அனுப்பவில்லை. அவள் வாங்கிவிட்டாள் என்பதை அவர் போனில்தான் பார்த்தேன். அவள் அனுப்பிய படத்தில் மேஜையில் கறுப்பாக அது, பக்கத்தில் அவள் கை, நகத்தில் ரோஸ் பாலிஷ். ரொம்ப நேரம் பார்த்தேன். எனக்குக் கையில் நிறைந்த அதே மாதிரிதான்.

இரண்டு மாதம் கழித்து அவளே வந்தாள். தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிற வழியில் அபுதாபியில் ஒரு நாள் இறங்கினாள். ஏர்போர்ட்டுக்கு அவர்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். நான் மீன் குழம்பு வைத்தேன். அவளுக்குப் பிடித்த மீன்தான், ஆனால் மார்க்கெட்டில் அது மட்டும்தான் நன்றாக இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மெலிந்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், அது அவளுக்கு அழகாகவும் இருந்தது. சாப்பிட உட்காரும்போது நான் போட்ட நாற்காலியை நகர்த்தி, கதவு தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள். சாப்பிட்டுவிட்டு அவர் டூட்டிக்குப் போன பிறகு நான் கேட்டேன்.

"எட்டி, எனக்க கிட்ட மறைச்சு அவருகிட்ட மட்டும் என்ன சொன்ன?"

அவள் ரொம்பத் தயங்கவில்லை. அங்கே போன பிறகு ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலைக்கு மாறியிருந்தாள். காட்டு ரோட்டில், ஒன்றுக்கொன்று தொலைவாக இருக்கும் வீடுகள். ஒரு கிழவிக்குக் கால் புண்ணுக்குக் கட்டுப் போடப் போனபோது, குடித்திருந்த மகன் அவள் கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கதவுக்குக் குறுக்கே நின்றுவிட்டான். கட்டிலில் கிடந்த கிழவி கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்து அவன் மேல் எறிந்து கத்தியதில், அவன் சாவியைக் கீழே போட்டான். அவ்வளவுதான் நடந்தது. கம்பெனி, 'ஜாக்கிரதையாக இரு' என்றது. அடுத்த வாரம் மறுபடி அதே ரோட்டுக்கு அனுப்பியது.

"இதை எனக்கிட்ட சொல்லக்கூடாதா?"

"நீ மூணாவது தடவை எழுதப் போறேன்னு சொல்லிட்டிருந்த. இதைச் சொன்னா அதையே சாக்கா வச்சுப் புத்தகத்தை மூடிருவன்னு நினைச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது பொய்யில்லை என்பதால் இன்னும் கோபம் வந்தது. "எனக்கு என்ன தெரியணும்னு நீயா முடிவு பண்ணுறது? பாஸ் பண்ணிட்டா அதுக்கும் சேத்து லைசென்ஸ் குடுக்கானா?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். பிறகுதான் அழுதாள்.

சாயங்காலம் டீ குடிக்கக் கீழே இறங்கினோம். பழைய ரூம் இருந்த தெரு வழியாகத்தான் நடந்தோம், கராஜ்களில் ஷட்டர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு லாரி பிரேக் காற்றை 'புஸ்' என்று விட்டது. அவள் துள்ளிப்போய்ச் சுவரோடு ஒட்டினாள். வலது கை சட்டைக்கு அடியில், இடுப்புக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் நின்றது. அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். வேர்த்திருந்தது.

"அண்ணே சொன்னதுல பாதி அங்க கடைக்காரனே சொல்லியிருப்பான்" என்றாள் நடந்துகொண்டே. "எனக்கு அதைத் தமிழ்ல யாராவது சொல்லணும்னு இருந்துச்சு. 'பிள்ளே, பயப்படாத'ன்னு சொல்லணும். உன்கிட்ட கேக்க முடியல, அதான்."

"சரி" என்றேன். அந்த 'சரி' முழுசாக வரவில்லை. அவள் கையைப் பிடித்திருந்தபோதும், அமெரிக்க ஷூ, குட்டை முடி, ரோஸ் நகம் எல்லாம் என் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தன. ஒருத்தி பயந்துபோயிருக்கிறாள் என்று தெரிந்தாலும் பொறாமை உடனே இடத்தைக் காலி செய்துவிடாது. கொஞ்சம் நகர்ந்து உட்காரும், அவ்வளவுதான்.

அவள் ஊருக்குப் போய்விட்டு அமெரிக்கா திரும்பியதும் அந்த வீட்டு வேலையை விட்டாள். இப்போது ஒரு டயாலிசிஸ் சென்டரில் பகல் டூட்டி. உள்ளே துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது. காரில் பூட்டிய பெட்டியில் வைத்துவிட்டுப் போகிறாள். மாதத்துக்கு ஒரு முறை போய்ச் சுட்டுப் பழகுகிறாள். பயம் குறைந்திருப்பதாகச் சொன்னாள்.

நான் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டேன், இன்னும் எழுதவில்லை. சனிக்கிழமைகளில் லீவு கிடைத்தால் கிளப்புக்குப் போகிறேன். போகும்போது அவர் பேசுகிறார். ஒரு பிஸ்டலில் ஸ்பிரிங் ஏன் தளர்கிறது, ஒவ்வொருவரும் துப்பாக்கியை எப்படிக் கெடுத்துக் கொண்டுவருகிறார்கள், எந்தப் பணக்காரப் பையன் எதைக் கீழே போட்டு உடைத்தான் என்று வீடு வந்து சேரும் வரைக்கும் பேசுகிறார். பதிலுக்கு நான் கிளினிக்கில் நடந்ததைச் சொல்கிறேன். இரும்புத் தூளைக் கண்ணிலிருந்து எப்படி எடுப்பார்கள் என்று கேட்டுவிட்டு, காரை ஓரமாக நிறுத்தி, "ஊசியாலயா?" என்று முழித்தார்.

ஒரு காலையில் இரண்டு பேரும் சேர்ந்து அவளுக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினோம். உறையை எப்படித் துடைப்பது என்று அவள் கேட்டிருந்தாள். அவர் சொல்ல, நடுவில் நான் குறுக்கிட, அவர் என்னைத் திருத்த, ஒரே சிரிப்பாகப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து பதில் வந்தது.

"ரெண்டு பேரும் சேந்து பேசுறதைக் கேட்டா பொறாமையா இருக்கு. இங்க சாப்பிட உக்காந்தா எனக்க ஸ்பூன் சத்தம் மட்டும்தான் கேக்குது."

அவர் 'பாவம்' என்றார். நானும் 'பாவம்' என்றேன். அவர் குளிக்கப் போனதும் அந்தச் செய்தியை இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். அவளுக்காக வருத்தப்பட்டது உண்மைதான். ஆனால் முதலில் வந்தது சந்தோஷம்.